முதல் பாடத்துக்குச் செட்டிபாளையம்

திருப்பூரிலிருந்து கார் பந்தயம் கற்கக் கிளம்பும் இளைஞரும் அவருக்குப் பணம் கட்டும் பெற்றோரும் முதலில் விசாரிப்பது பள்ளியின் பெயரையும் கட்டணத்தையும்தான். ஓட்டக் கொடுப்பது எந்தக் கார், சொல்லித் தருபவர் யார் என்ற கேள்விகள் அடுத்து வரும். எந்தத் தடத்தில் வகுப்பு நடக்கிறது என்பதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால், தொலைக்காட்சியில் பார்த்த பெரிய தடத்தில் ஓட்டினோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அந்த முடிவை எடுத்துவிடும். என் கருத்தில், புதியவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் தடம்தான் முதலாவது. கொங்கு வட்டாரத்தில் இருப்பவருக்கு அதற்கான விடையும் பக்கத்திலேயே இருக்கிறது: கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. சொந்த ஊர்ப் பாசத்தில் இதைச் சொல்லவில்லை. அந்தத் தடத்தின் நீளமும் அங்கே எட்டக்கூடிய வேகமும் கற்கத் தொடங்குபவருக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் கணக்குப் போட்டே காட்ட முடியும்.

தெரிவு செய்ய என்னென்ன தடங்கள் இருக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பந்தயம் பல ஆண்டுகள் நடந்த இடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. விமானம் இறங்கப் போட்ட பாதை நேராகத்தான் இருக்கும். கார் ஓட்டுபவர் எவ்வளவு வேகம் போக முடியும் என்பதையே அங்கே அதிகம் கற்றார், வளைவை எப்படி எடுப்பது என்பதைக் குறைவாகக் கற்றார். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பந்தயத்துக்கென்றே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தடம் அமைத்து 1990இல் திறந்தது. 12 வளைவுகள் கொண்ட அதன் முழு நீளம் 3.717 கி.மீ. செட்டிபாளையம் தடம் 2003இல் வந்தது. நீளம் சுமார் 2.1 கி.மீ. டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று பார்முலா 1 பந்தயங்கள் நடந்த புத் சர்வதேசத் தடம் 5.125 கி.மீ. நீளமும் 16 வளைவுகளும் கொண்டது. இவை போதாதென்று கோவைக்கு அருகிலேயே அண்மையில் கோஸ்ட் என்ற புதிய தடமும் எழுந்திருக்கிறது. அது சுமார் 3.8 கி.மீ. ஆக, திருப்பூர்க்காரருக்குத் தேர்ந்தெடுக்க இன்று உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அது இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். புதியவர் ஒருவர் சராசரியாக மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறார் என்று கொள்வோம். செட்டிபாளையத்தில் ஒரு சுற்றுக்கு அவருக்கு 84 விநாடி ஆகும். அதே வேகத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 149 விநாடி. புத் தடத்தில் 205 விநாடி. ஒரு முறை தடத்தில் இறக்கிவிட்டால் 20 நிமிடம் ஓட்டலாம் என்று வைத்துக்கொண்டால் செட்டிபாளையத்தில் 14 சுற்று கிடைக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் 8, புத் தடத்தில் 6கூட முழுதாகக் கிடைப்பதில்லை. பெரிய தடத்தில் சராசரி வேகம் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். கூடும்தான். இருங்காட்டுக்கோட்டையில் சராசரியை 110 கி.மீ. என்று உயர்த்தினாலும் 20 நிமிடத்தில் 10 சுற்று முழுதாக முடியாது. ஒரு நாளில் நான்கு முறை ஓட்டக் கிடைத்தால், செட்டிபாளையத்தில் ஒரு வளைவை அவர் ஐம்பத்தைந்து தடவைக்கு மேல் சந்திப்பார்; புத் தடத்தில் இருபத்து மூன்று தடவை. பந்தயம் கற்பது என்பதன் உள்ளடக்கமே இந்த மறுசந்திப்புதான். எங்கே பிரேக்கை மிதிப்பது, எங்கே ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குவது, வளைவின் உள் விளிம்பை எங்கே தொடுவது, எந்த இடத்தில் மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது என்ற நான்கு முடிவுகளை இரண்டு மூன்று விநாடிக்குள் எடுத்து, தவறியதைத் திருத்தி, அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு வந்து சோதித்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த வளைவு திரும்பி வந்தால் செய்த தவறு உடலிலும் நினைவிலும் இருக்கும். மூன்றரை நிமிடம் கழித்து வந்தால், இடையில் பதினைந்து வளைவுகளைக் கடந்து வந்த புதியவருக்கு எதைத் திருத்த நினைத்தார் என்பதே மங்கிப்போயிருக்கும்.

வேகத்தைப் பற்றியும் பேச வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அழிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. பள்ளி இயற்பியல் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். நல்ல டயர் போட்ட கார் ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தை விநாடிக்கு 8 மீட்டர் குறைக்கும் என்றால், மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க சுமார் 48 மீட்டர் வேண்டும். 150 கி.மீ. என்றால் 108 மீட்டர். 200 கி.மீ. என்றால் 190 மீட்டரைத் தாண்டும். புதியவர் பிரேக்கை அரை விநாடி தாமதமாக மிதிப்பது சாதாரணத் தவறு. 100 கி.மீ. வேகத்தில் அந்தத் தவறின் அளவு 14 மீட்டர். காரை மண்ணில் இறக்கி, கொஞ்சம் தூசி கிளப்பி, திரும்பத் தடத்தில் ஏற்றிவிடலாம். 200 கி.மீ. வேகத்தில் அது 28 மீட்டர், அதுவும் நான்கு மடங்கு ஆற்றலோடு. புத் தடத்தில் ஒரு நேர்ப்பாதை மட்டுமே ஒரு கி.மீ.க்கு மேல் நீள்கிறது. அவ்வளவு நீளத்தின் முடிவில் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்வது அனுபவசாலிக்கு உரிய பாடம். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த கார் பந்தயத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள, 59 வயது ஓட்டுநர் கே.இ.குமார் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தத் தடத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாட்டில் நீண்ட அனுபவமுள்ள அமைப்பு நடத்தும் இடம் அது. அனுபவமும் மருத்துவக் குழுவும் இருக்கும் இடத்திலேயே இந்த விளையாட்டு உயிரைக் கேட்கக்கூடியது என்னும்போது, முதல் நாள் மாணவர் செய்யப்போகும் தவறுகளைச் சிறிய வேகத்தில் செய்யவைப்பது பெற்றோரின் கடமை, பள்ளியின் கடமையும்கூட.

பந்தயம் வேரூன்றிய நாடுகளிலும் இதே நடைமுறையைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. காட்டுக்குள் ஓடும் 3.9 கி.மீ. நீளத் தடத்தில் 1986 வரை பார்முலா 1 பந்தயங்கள் நடந்தன. அதன் உள்ளேயே 1.9 கி.மீ. நீளமுள்ள சிறிய தடமும் இருக்கிறது. ஆண்டு முழுவதும் புதியவர்கள் பழகுவது பெரும்பாலும் அந்தச் சிறிய சுற்றில்தான். அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ஸ்கிப் பார்பர் பந்தயப் பள்ளி, நெடுங்காலம் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ராக் தடத்தோடு பிணைந்திருந்தது. அதன் நீளம் சுமார் 2.4 கி.மீ. பணமும் பெரிய தடங்களும் கைவசம் உள்ளவர்களே தொடக்கப் பாடத்துக்கு இரண்டு கி.மீ. சுற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நாம் ஐந்து கி.மீ. தடத்தைத் தேடி டெல்லிக்கு விமானம் ஏறுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறிய தடத்தில் கற்றவர் வேகமான, நீண்ட வளைவுகளைச் சந்திக்கும்போது திணறுவார்; இருங்காட்டுக்கோட்டையில் காரை நான்காவது கியரிலேயே வைத்து வளைவுக்குள் நுழையும் துணிவு செட்டிபாளையத்தில் வராது என்பார்கள். இது உண்மை. அந்தத் துணிவு வேறொரு பாடம், அது பெரிய தடத்தில்தான் கிடைக்கும். ஆனால், மெதுவான வளைவில் காரின் எடை பின்னிருந்து முன்னுக்கு எப்படி நகர்கிறது, பிரேக்கை விடும்போது முன் டயரின் பிடி எப்படி மாறுகிறது, பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை இடுப்பு எப்படி உணர்கிறது என்பதை அறியாதவருக்கு வேகமான வளைவில் பிறப்பது துணிவாக இருக்காது, குருட்டு நம்பிக்கையாகத்தான் இருக்கும். மெதுவான வளைவில் கற்ற உணர்வை வேகமான வளைவுக்கு எடுத்துச் செல்லலாம். நேர்மாறாகக் கற்க முயல்பவர் காரை உடைத்துக் கற்கிறார். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் தைப்பவருக்கு உதவும் கைமடியாகத்தான் உட்கார வைக்கிறார்கள். பவர் டேபிளில் ஓடும் துணியின் போக்கு கண்ணுக்குப் பழகிய பிறகே மெஷினை அவர் கையில் தருகிறார்கள். ஏற்றுமதி ஆர்டரை முதல் நாள் அவரிடம் கொடுக்கும் முதலாளி எவரும் இந்த ஊரில் இல்லை.

நரேன் கார்த்திகேயனை எடுத்துக்காட்டி வேறு சிலர் வாதாடுவார்கள். கோவையில் வளர்ந்து, 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரானவர் அவர். 1992இல், 15 வயதில், பிரான்ஸில் இருந்த வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்தானே கற்றார், பெரிய இடத்துக்குப் போனால்தானே பெரிய ஆளாக முடியும் என்பது அந்த வாதம். ஆனால் 1992இல் செட்டிபாளையத்தில் தடம் இல்லை. அது வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. தந்தையே புகழ்பெற்ற ராலி ஓட்டுநராக இருந்த வீட்டுக்குக்கூட அன்று கோவைக்குப் பக்கத்தில் மகனை அனுப்ப இடமில்லை. பிரான்ஸிலிருந்து திரும்பிய பிறகு அவர் ஓட்டியதும் இந்தியாவில் உருவான எளிய ஒற்றை இருக்கைக் காரைத்தான். அந்தக் காரை வடிவமைத்தவர் பெயரில்தான் செட்டிபாளையம் தடம் இருக்கிறது. ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்த எஸ்.கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, செலவு குறைந்த பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று அழைக்கப்பட்ட அந்தக் காரின் நோக்கம் உலகச் சாதனை வேகம் இல்லை. பத்துப் பேர் ஓட்டிய இடத்தில் நூறு பேர் ஓட்டிப் பழக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த கார் என்றே அதைப் பார்க்கிறேன். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் பெயரில் அமைந்த தடத்தில் பழகுபவர்கள் இன்றும் பெரும்பாலும் அந்த வழியில் வந்த கார்களையே ஓட்டுகிறார்கள்: கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயர் தாங்கிய, 1,300 சிசி மாருதி எஞ்சின் பூட்டிய பார்முலா கார்கள். ஜே.கே. டயர் தேசியப் பந்தயத் தொடரில் புதியவர்களுக்கென்றே நோவிஸ் கோப்பை என்ற பிரிவும் அங்கே நடந்திருக்கிறது. கற்ற தடத்திலேயே முதல் போட்டியும் கிடைப்பது சாதாரண வசதி கிடையாது.

தொலைவையும் வெறும் பயணச் செலவாகப் பார்க்கக் கூடாது. திருப்பூரின் வாரம் சனிக்கிழமைச் சம்பளத்தோடு முடிகிறது. ஞாயிறு ஒன்றுதான் கம்பெனி வைத்திருப்பவருக்கும் அங்கே வேலை செய்பவருக்கும் சேர்த்துக் கிடைக்கிற ஓய்வு நாள். பல்லடம் வழியாகக் கிளம்பினால் காலை வகுப்புக்கு முன்பே செட்டிபாளையம் போய்ச் சேர்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். சென்னைக்கு என்றால் 450 கி.மீ. பயணம், இரண்டு இரவு ரயில், தூக்கம் கெட்ட கண்ணோடு பந்தயக் காரில் உட்காருதல். அருகில் இருக்கும் தடம் தரும் பெரிய நன்மை பயிற்சியைப் பிரித்து நடத்த முடிவதுதான். எந்தக் கைத்திறனையும் ஒரே மூச்சில் மூன்று நாள் பழகுவதைவிட, இடைவெளி விட்டு மூன்று தனித்தனி நாட்களில் பழகினால் நன்றாகப் பதிகிறது என்பது கற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஒரு ஞாயிறு ஓட்டி, வீட்டுக்கு வந்து, காரில் பொருத்திய கேமரா பதிவை வாரம் முழுக்கப் பார்த்து, அடுத்த வகுப்புக்குப் போகிறவர், தொடர்ந்து மூன்று நாள் ஓட்டிக் களைத்தவரைவிட மேலாகக் கற்பார். அந்த முறை பக்கத்துத் தடத்தில்தான் சாத்தியம்.

சிறிய தடம் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். சுற்று சுருங்கினால் கார்களுக்கு இடையிலான இடைவெளியும் சுருங்கும். 2.1 கி.மீ. தடத்தில் 12 கார்களை ஒன்றாக இறக்கினால் சராசரி இடைவெளி 175 மீட்டர்தான். பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்க்கவே பழகாத மாணவருக்கு அது மிக நெருக்கம். 6 கார்கள் என்றால் 350 மீட்டர் கிடைக்கிறது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை கார்களைத் தடத்தில் விடுவீர்கள் என்பதுதான். வேகமான இடங்களில் தடத்துக்கு வெளியே எவ்வளவு காலி இடம் விட்டிருக்கிறார்கள், அங்கே டயர் அடுக்குகள் சரியாக இருக்கின்றனவா, ஒவ்வொரு வளைவிலும் கொடி காட்ட மார்ஷல் நிற்பாரா, ஆம்புலன்ஸும் மருத்துவரும் வகுப்பு முடியும்வரை இருப்பார்களா என்பதையும் நேரில் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும். போட்டி நாளில் இருக்கும் ஏற்பாடுகள் பயிற்சி நாளில் குறைந்துவிடக் கூடாது. மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது, சிவப்புக் கொடி காட்டினால் வேகத்தைக் குறைத்துப் பிட் பாதைக்குத் திரும்பிவிட வேண்டும், நீலக் கொடி காட்டினால் வேகமாக வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதைக் காரில் ஏறுவதற்கு முன்பே மனப்பாடமாக்காத பள்ளி, எந்தத் தடத்தில் நடந்தாலும் பள்ளி ஆகாது. பயிற்சியாளருக்கும் சிறிய தடம் உதவுகிறது. ஒரே இடத்தில் நின்று இரண்டு மூன்று வளைவுகளைப் பார்த்துவிடுவார். மாணவர் எங்கே தடுமாறினார் என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் 50 விழுக்காட்டு வரி 2025 ஆகஸ்டில் விழுந்தபோது ஆர்டர் என்னவாகுமோ என்று தவித்த ஊரில் கார் பந்தயம் பற்றி எழுதுவதா என்று சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இது செலவு பிடிக்கும் விளையாட்டு. அதனால்தான் தடத் தேர்வு முக்கியமாகிறது. விமானக் கட்டணம், ஓட்டல் அறை, நீண்ட தடத்தின் வாடகை, பெரிய வேகத்தில் தேயும் டயர், பிரேக் எல்லாம் சேர்ந்து தொலைவில் நடக்கும் ஒரு பள்ளிக்கு ஆகும் பணத்தில், பக்கத்துத் தடத்தில் அதைவிட அதிக நாட்கள் ஓட்டலாம். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பந்தயக் கார்கள் ஓடியதைப் பார்த்த பிறகு பந்தய ஆசை வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. ஒர்க் ஷாப்பில் எஞ்சின் பிரிக்கும் பையன்களிடமும் அது இருக்கிறது. ஆசைக்கு இடம் எட்டாத தொலைவில் இருந்தால், அவிநாசி பக்கத்து நெடுஞ்சாலையும் ஊர்ப் பைபாஸும் அவர்களுக்குத் தடமாகிவிடும். அங்கே மார்ஷலும் இல்லை, கொடியும் இல்லை. எதிரே நைட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்களை ஏற்றிய கம்பெனி வேன் வரும். ஞாயிற்றுக்கிழமை போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு தடம் இருப்பதும், அதில் கட்டுப்படியாகும் விலையில் தொடக்கப் பள்ளி நடப்பதும் இந்த ஊரின் சாலைகளில் நடப்பவர்களுக்கும் வேண்டியதுதான். தொழிலதிபர்களின் அமைப்புகள் ஆண்டுக்குச் சில இளைஞர்களுக்கு அந்தக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் நல்லது. அதில் மெக்கானிக்குகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

பெரிய தடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரிசை மாறக் கூடாது என்கிறேன். போட்டி உரிமத்துக்காக, நாட்டின் மோட்டார் விளையாட்டை நிர்வகிக்கும் எப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பிடம் விண்ணப்பித்து, தேசியத் தொடரில் ஓட்ட நினைப்பவர் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயே ஆக வேண்டும். கோவைக்கு அருகே வந்திருக்கும் கோஸ்ட் தடம் இரண்டாவது படிக்கு ஏற்றது; தொலைவு இல்லை, நீளம் உண்டு. எப்போது போகலாம் என்பதை மாணவரின் ஆசையை வைத்து முடிவு செய்யக் கூடாது, சுற்று நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். செட்டிபாளையத்தில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும் நாளிலும், காற்றே இல்லாத மாசி வெயிலிலும் தொடர்ந்து பத்துச் சுற்று ஓட்டி, அந்தப் பத்தும் ஒரு விநாடி வித்தியாசத்துக்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்கினால் சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம். எடுப்பதற்கு முன், இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குள்ளேயே இருக்கும் சுமார் 2 கி.மீ. குறுஞ்சுற்றில் முதல் நாளை நடத்துவார்களா என்று பள்ளியிடம் கேட்டுவிடுங்கள்.